அப்பாவின் இறப்புத்தாள்

என் வீட்டுக்காரர் லூதருக்கு,

செவ்வாய்க்கிழமை அப்பாவின் இறப்புச் சான்றிதழ் கேட்டுப் போனபோது, இந்த அலபாமா மாவட்டத்தின் பதிவறையில் இருந்தவர்கள்: குமாஸ்தா வெர்னா, என்னைக் காரில் கூட்டிப்போன சித்தி மகன் ஓசெல், ஜன்னலோரம் வெள்ளைக்காரக் கிழவன் டிரேட்டன், நான். உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் நலம்.

டிரேட்டனின் அப்பன்தான் என் அப்பாவைக் கிணற்றடியில் சுட்டவன். ஒன்பது வயதில், வீட்டுத் தரைப்பலகைக்கு அடியில் படுத்துக்கொண்டு பார்த்தேன்.

இங்கே பேரைக் கேட்கமாட்டார்கள், யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் கேட்பார்கள். வெர்னாவும் கேட்டாள். நான் ஒரு பொய் சொல்வதற்குள் ஓசெல் பழக்கத்தில், "அமாஸ் டில்லரி பொண்ணும்மா, சிகாகோலேருந்து வந்திருக்கு!" என்றான் பெருமையாக.

கிழவன் செய்தித்தாளை மடித்தான். "கெணத்தடி அமாஸா? எங்க தங்கியிருக்கே, பொண்ணு?"

அறுபத்தெட்டு வயதில் நான் பொண்ணாம்! அதிலிருந்து அவன் வண்டி ஓசெல் வீட்டு வாசலில் மெதுவாகப் போகிறது, வருகிறது. நீங்கள் பயப்படாதீர்கள், கதவுக்கு நாற்காலி முட்டுக்கொடுத்திருக்கிறேன். என் பிரஷர் மாத்திரையை அனுப்புங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போன் செய்யுங்கள்; நான் எடுக்காவிட்டால் இந்த ஊர்ப் போதகருக்குச் செய்யுங்கள்.

தபால்காரர் வருகிறார், முடிக்கிறேன்.

உங்கள் பியூலா

பி.கு.: தாள் கிடைத்துவிட்டது. அப்பா காய்ச்சலில் செத்தார் என்றிருக்கிறது. தகவல் சொன்னவர் பேரும் கீழே இருக்கிறது. டிரேட்டன் கூட்டத்தை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். குண்டு துளைத்த சட்டையைத் தன் கையால் அவிழ்த்துவிட்டு, காய்ச்சல் என்று போய்ச் சொன்னவனை நான் மன்னிக்கமாட்டேன். என் தாய்மாமன் ரூபஸ்.