மூன்று பக்கத் தீர்ப்பு

பெப். 3, செவ்வாய்

மைனஸ் பதினெட்டு. காற்று வேறு. கார்க் கதவு உறைந்துபோய்த் திறக்கவில்லை. "சுடுதண்ணி ஊத்திப்போடாதையும், கண்ணாடி வெடிக்கும்!" என்று என் கணவர் குகன் யன்னலால் கத்தினார். ஊற்றவில்லை. மற்றப் பக்கக் கதவால் ஏறி, தவழ்ந்து, ஓட்டுநர் இருக்கைக்குப் போனேன். நாற்பத்தெட்டு வயதில் இது ஒரு வித்தை.

யூனியன்வில். லொ.வின் வாடகை வீடு. முதல் நாள்.

லொ. என்றால் லொரெய்ன். அமெரிக்க நடிகை, வயது அறுபத்து நான்கு. முழுப் பெயரை இங்கும் எழுதமாட்டேன். என்னிடம் பேச்சுச் சிகிச்சை பெறுபவரின் பெயர் என்னோடு வீட்டுக்கு வரக்கூடாது, அது தொழில் விதி. குகனுக்குச் சொன்னது: "யூனியன்வில்லிலை ஒரு ஆள்." அவ்வளவுதான்.

ஒன்றரை வருடத்துக்கு முன் கலிபோர்னியாவில், தன் குசினியில் நின்றபோது பக்கவாதம். கை, கால் திரும்பிவிட்டன. பேச்சு பாதிதான். சொல்லவேண்டியது தலைக்குள் முழுதாக இருக்கிறது, வாய்க்கு வரும் வழியில் நின்றுவிடுகிறது. இப்போது ரொறன்ரோவில் எடுக்கும் ஓர் அமெரிக்கத் தொடரில் நீதிபதி வேடம் கிடைத்திருக்கிறது. மூன்று பக்கத் தீர்ப்பு, ஒரே மூச்சில் சொல்லவேண்டும். படப்பிடிப்பு 26ஆம் திகதி.

ஏன் இவ்வளவு கடினமான வேடம் என்று கேட்டேன்.

"கேட்டார்கள்... என்னை. யாரும் கேட்கவில்லை. கனகாலம்."

கெட்ட வார்த்தைகள் மட்டும் தடங்கலே இல்லாமல் வருகின்றன. பாட்டும் அப்படித்தான். பக்கவாதக்காரரிடம் இது வழக்கம். ஆனால் இவ்வளவு சுத்தமாகத் திட்டும் ஒருவரை நான் கண்டதில்லை.

வாங்கவேண்டியது: பால், கறிவேப்பிலை, கார்ப் பூட்டுக்கு அடிக்கும் ஸ்பிரே.

பெப். 6, வெள்ளி

பனி இல்லை. வெயில், ஆனால் சூடு இல்லாத வெயில்.

கண்ணாடி முன்னால் பயிற்சி. கடினமான சொற்களை நான் பென்சிலால் வட்டமிட்டுக் கொடுத்தேன். முதல் பக்கம் பரவாயில்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு சொல் மலைபோல நிற்கிறது: ரெஸ்பொன்சிபிலிற்றி. பொறுப்பு. தமிழில் என்ன இலகு! லொ. அதைத் துண்டு துண்டாக வெட்டிச் சொன்னார், மேசையில் தட்டிச் சொன்னார், பாடிச் சொன்னார். பாட்டில் வருகிறது. நீதிபதி பாடமுடியாதே.

ஓய்வுக்காகப் பழைய கதை. சொல் வராத இடத்தில் பென்சிலால் கீறிக் காட்டினார். முதலில் ஒரு பஸ். தகப்பன் ஒகாயோ மாநிலத்தில் பஸ் சாரதி. பத்தொன்பது வயதில் இன்னொரு பஸ்ஸில் ஏறி லொஸ் ஏஞ்சலிஸ். முதல் வேலை ஷாம்பு விளம்பரம், தலைமயிர் மட்டும், முகம் இல்லை. பிறகு பேய்ப்படங்கள். எப்படியெல்லாம் செத்தார் என்று நடித்தே காட்டினார்: கத்தி, கிணறு, கோடரி, மீண்டும் கத்தி. சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல்.

அதன்பின் சலவைக்கடைப் பெண்ணாக ஒரு சிறிய படம். அதற்குப் பிறகுதான் தெருவில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்களாம். பிறகு ஆஸ்பத்திரித் தொடர் ஒன்று, அதில் தலைமைத் தாதி. வருடக்கணக்கில் ஓடியது. நாற்பத்தொரு வயதானதும் அந்தத் தாதியை ஒரு கார் விபத்தில் கொன்றுவிட்டார்கள். அடுத்த வாரமே இளம் தாதி ஒருத்தி.

"அதுதான்... உண்மைச் சாவு" என்றார். அதை நடித்துக் காட்டவில்லை.

பிறகு அம்மா வேடங்கள், மாமியார் வேடங்கள், கார்ட்டூனில் ஒரு வாத்துக்குக் குரல். அந்த வாத்து இன்னமும் பிசகாமல் வருகிறது!

பெப். 10, செவ்வாய்

நெடுஞ்சாலையில் இரண்டு லொறி மோதி எல்லாம் அடைத்துவிட்டது. பிந்திப் போனேன். தயாரிப்பாளர் கிரெக் ஏற்கெனவே வந்திருந்தார். நல்ல கோட். சப்பாத்தைக் கழற்றவில்லை, விரிப்பெல்லாம் தெருப்பனிக்குப் போடும் உப்பும் தண்ணீரும்.

விஷயம் இதுதான். லொ.வின் பழைய தொடர்களிலிருந்து குரலை எடுத்துக் கொம்பியூட்டருக்குப் பழக்கினால், அதுவே தீர்ப்பு முழுவதையும் சொல்லிவிடும். லொ. வாயை அசைத்தால் போதும். மாதிரிக்கு ஒன்றைப் போட்டுக் காட்டினார்.

நாற்பது வயது லொரெய்ன் அந்த அறையில் பேசினார். தெளிவாக, வேகமாக, ஒரு தடக்கல் இல்லாமல். லொ.வைப் பார்க்க முடியவில்லை, யன்னலைப் பார்த்தேன்.

"பாதுகாப்புக்குத்தான். ஒரு கையெழுத்து" என்றார் கிரெக்.

"இல்லை."

"யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு உதவியாகத்தானே..."

"இல்லை." அந்தச் சொல் அவருக்கு எப்போதும் வரும்.

"அப்படியென்றால் வேறொருவரைப் போடுவது பற்றி நாங்கள் யோசிக்கவேண்டி வரலாம்."

"யோசி."

கிரெக் போனார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை. இரண்டாம் பக்கத்தை எடுத்து முன்னால் வைத்தார்.

பெப். 12, வியாழன்

மோசமான நாள். லொ.வின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். லொ. "ஹலோ" என்றார், பிறகு மகளின் பெயர் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. மகள் அங்கிருந்து, "அம்மா, நான்தான், பரவாயில்லை அம்மா, பெயர் தேவையில்லை" என்று சொல்லச் சொல்ல, லொ. வாயைத் திறந்து திறந்து மூடினார். கடைசியில் போனை என் மடியில் போட்டுவிட்டு மேல்மாடிக்குப் போய்விட்டார்.

இறங்கி வரவில்லை. நான் கீழே சும்மா இருந்தேன். ஒருவேளை கிரெக் சொல்வதுதான் சரியோ? நான் தள்ளுகிறேனோ? களைத்த மூளையை மேலும் களைக்க வைக்கிறேனோ?

வரும் வழியில் யோசித்தேன். பதினைந்து வயதில் இங்கே வந்தபோது ஸ்காபுரோப் பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியை. நல்ல மனுசி. நான் ஒரு வசனத்தைத் தொடங்கினால் தானே முடித்துவிடுவார். ஒவ்வொரு முறையும், அன்பாக. அந்த வருடம் முழுக்க இங்கிலீஷில் ஒரு வசனத்தையும் நான் முடிக்கவில்லை. அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

லொ.வைத் தள்ளத்தான் போகிறேன். அவர் நிறுத்து என்றால் மட்டும் நிற்பேன்.

பெப். 15, ஞாயிறு

லொ. நேற்றுத் தானாகவே எழுதி அனுப்பினார்: உன் வீட்டுக்குச் சாப்பிட வருகிறேன், நான் யாரென்று உன் கணவருக்குச் சொல்லலாம். பெயரைச் சொன்னாலும் குகனுக்கு ஆளைத் தெரியப்போவதில்லை என்று நினைத்து, "ஒரு ஆள் சாப்பிட வாறார்" என்பதோடு விட்டேன். பிழை.

மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டு மணி அடித்தது. குகன் சாரத்தோடு போய்க் கதவைத் திறந்தார். திறந்தபடியே நின்றார். குளிர் உள்ளே வருகிறது, மனிதர் அசையவில்லை. வாய் திறந்திருக்கிறது, சொல் இல்லை.

லொ. வாசலில் பனிச் சப்பாத்தோடு நின்று அவரைப் பார்த்தார். பிறகு, மிகவும் நிதானமாக, "அவசரம்... இல்லை" என்றார்.

குகன் குசினிக்குள் ஓடிவந்து என்னைப் பிடித்தார். "என்னப்பா நீர்! ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே! நான் சாரத்தோட நிக்கிறன்!"

"ஆரெண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"தெரியுமோவோ? அந்த நேர்ஸ் அம்மா!"

திருமணமாகி இருபத்துமூன்று வருடம், இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை. தொண்ணூறுகளில் வந்த புதிதில் ஆறு பெடியள் ஒரு நிலக்கீழ் அறையில். ஒரு பழைய ரீவி, ஒழுங்காகத் தெரிந்தது ஒரே ஒரு சனல். அதில் அந்த ஆஸ்பத்திரித் தொடர். தாதி பேசுவதைக் கேட்டு ஆறு பேரும் திரும்பச் சொல்வார்களாம். இரவு வேலைத்தலத்தில் மேற்பார்வையாளர் குரலை உயர்த்தியபோது குகன் சொன்ன முதல் முழு இங்கிலீஷ் வசனம் அந்தத் தாதியினுடையது: "டொக்டர், நான் இன்னும் முடிக்கவில்லை." டொக்டர் என்பதையும் விடவில்லை!

இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில், காற்சட்டை மாற்றிக்கொண்டு வந்து, லொ.வுக்குச் சொன்னார். இடியப்பத்தைக் கையால் பிசைந்துகொண்டிருந்த லொ.வின் கை நின்றது.

"அந்தத் தொடரை... வெறுத்தேன்" என்றார். "ஆறு பேர்?"

"ஓம், ஆறு பேர்" என்றார் குகன், தமிழிலேயே.

நண்டுக்கறி இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர். உறைப்பு என்று சொன்னார்.

பெப். 18, புதன்

ஈரப்பனி. முழங்கை நோ.

கிரெக் என்னைத் தனியாக அழைத்தார். "அவரால் முடியுமா, முடியாதா? ஆம், இல்லை என்று சொன்னால் போதும்." அவரிடம் கேட்காமல் நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றேன். லொ.விடம் கேட்டேன்.

"உண்மை. முழுக்க" என்றார்.

கிரெக்குக்கு எழுதி அனுப்பினேன், இயக்குநர் நடாலிக்கும் ஒரு பிரதி. முடியும். பழைய வேகத்தில் முடியாது. அமைதி வேண்டும். காலையில் எடுக்கவேண்டும். சில தடவைக்கு மேல் எடுத்தால் சொற்கள் களைத்துவிடும். யாரும் இடையில் சொல் எடுத்துக் கொடுக்கக்கூடாது.

நடாலியின் பதில் மாலையில்: என் நீதிபதி மெதுவாகப் பேசுகிறவர். காலையில் எடுப்போம்.

லொ.விடம் வாசித்துக் காட்டினேன். வாத்துப்போலக் கத்தினார்.

பெப். 26, வியாழன்

படப்பிடிப்பு ஏரிப் பக்கம் ஒரு பெரிய கிடங்கில். வெளியே பனி, உள்ளே ரெக்சஸ் மாநிலத்துக் கோடை: மின்விசிறி, கட்டைக்கைச் சட்டை, நெற்றியில் தெளித்த பொய் வியர்வை. நான் கமராவுக்குப் பின்னால் ஒரு மடக்குக் கதிரையில். சால்வையைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றவில்லை.

கறுப்பு அங்கியில் லொ. வேறு ஆள். உயரம்கூடக் கூடிவிட்டது.

முதல் தடவை: இரண்டாம் பக்கத்தில் அந்த ரெஸ்பொன்சிபிலிற்றியில் விழுந்தார். நடாலி நிறுத்தினார்.

இரண்டாம் தடவை: அதே இடம். எதிரே வழக்கறிஞராக நடித்த இளைஞன், பாவம், நல்ல எண்ணத்தில் மெல்லச் சொல்லிக் கொடுத்துவிட்டான். லொ. அவனைத் திட்டினார், ஒரு தடக்கலும் இல்லாமல், மூன்று வசனம். கிடங்கு முழுக்கச் சிரிப்பு. அவனும் சிரித்தான். நடாலி எழுந்து எல்லோரிடமும் சொன்னார்: "இனி யாரும் உதவக்கூடாது. எவ்வளவு நேரமானாலும் காத்திருங்கள்."

மூன்றாம் தடவை. முதல் பக்கம் போனது. இரண்டாம் பக்கம். சொல் வந்த இடத்தில் நின்றார். முன்னால் குற்றவாளியாக நின்ற நடிகனைப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. சால்வை நுனியைக் கடித்துக்கொண்டேன். கிரெக் மணிக்கூட்டைப் பார்த்தார். லொ. அந்தச் சொல்லை விட்டுவிட்டார். அது தேவையில்லை என்பதுபோல விட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இது... உன்னுடையது. நீ செய்தாய். வேறு யாருடையதும் இல்லை."

எழுத்தில் இல்லாத வரி. குற்றவாளியாக நின்றவனின் முகம் உடைந்தது. நடாலி நிறுத்தச் சொல்லவில்லை. லொ. மூன்றாம் பக்கத்துக்குள் போனார், மெல்ல மெல்ல, கடைசிச் சொல் வரைக்கும்.

கைதட்டல். நான் கழிப்பறைக்குப் போய் அழுதேன். சால்வையில் பல்லுத் தடம்.

மார்ச் 5, வியாழன்

உருகத் தொடங்கிவிட்டது. தெருவெல்லாம் சேறு.

போனபோது லொ. போனில். மறுபக்கம் கிரெக், சத்தம் வெளியே கேட்கிறது. படம் நன்றாக வந்திருக்கிறதாம், எல்லோருக்கும் பிடித்திருக்கிறதாம். ஆனால் அந்த ஓர் இடம். எழுத்தில் உள்ள சொல்லைக் கொம்பியூட்டர்க் குரலில் பதித்துவிட்டால் சரியாகிவிடும். "ஒரே ஒரு சொல், லொரெய்ன். யாருக்கும் தெரியாது."

போனில் பேசுவதுதான் இந்த நோயில் மிகக் கடினம். முகம் இல்லை, கை இல்லை. நான் போனை வாங்கக் கை நீட்டினேன். லொ. என் கையைத் தள்ளிவிட்டார்.

"எனக்குத்... தெரியும்" என்றார். மூச்சு எடுத்தார். "என் வாயில்... வந்ததுதான் படத்தில் போகும். நாற்பத்தைந்து வருடம்... நீங்கள் சொன்ன இடத்தில் செத்தேன். சொன்ன வயதில் அம்மா ஆனேன். இந்த வாய்... என்னுடையது. பிடிக்காவிட்டால் முழுக்க வெட்டு. பாதி... வெட்டாதே."

பக்கவாதத்துக்குப் பிறகு அவர் யாரிடமும் இவ்வளவு பேசியதில்லை. எந்தத் தாளிலும் எழுதியிராத பேச்சு. எவ்வளவு நேரம் எடுத்ததோ தெரியாது, கிரெக் இடையில் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு, "சரி. அப்படியே விடுகிறோம்" என்றார்.

லொ. போனை வைத்தார். சட்டையின் முதுகு நனைந்திருந்தது. தண்ணீர் கேட்டார், குடித்தார், மேசையில் கிடந்த கடதாசி உறையைப் பிரித்தார். நடாலி அனுப்பியது. நீதிபதி அடுத்த பகுதியிலும் வருகிறார். நாலு பக்கம்.

பென்சிலை என்னிடம் தரவில்லை. தானே பிடித்து, முதல் பக்கத்தில் தனக்குக் கடினமான சொற்களை வட்டமிடத் தொடங்கினார்.