ஐந்தாம் தாளின் ஓரத்தில்

டீச்சர்,

போட்டோக்கொப்பி மெஷினில் இருந்து வரும் தாளின் சூட்டு மணம் உங்களுக்குப் பிடிக்கும். "பாண் சுடுற போறணை மாதிரி மணக்குது அண்ணை" என்பீர்கள். நேற்று முற்பகல் அதே மணத்தோடு ஒரு தாள் வந்தது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். துறைமுகத்தில் கப்பல் காதருகே ஊதினாலும் திரும்பிப் பார்க்காத ஆள் நான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான் நான். என்றாலும் இந்த மெஷினின் நுட்பத்தை என்னிடம் கேட்டறிய ஜப்பானில் இருந்தே ஆள் வந்தது. சரி, கொழும்பில் இருந்து. நீங்கள் இருந்திருந்தால் இந்த இடத்தில் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்த்திருப்பீர்கள்.

பள்ளிக்கூடக் கொப்பி அறையில் உங்கள் சரித்திர வகுப்புக்கு ஆறு சான்றுத் தாள்களைப் பிரதி எடுத்துத் தருவது என் வேலை. அவற்றை வாசித்துக் கட்டுரை எழுதப் பிள்ளைகளுக்கு நாற்பது நிமிடம். மற்ற வகுப்புகளில் தாளில் இருப்பதை அப்படியே பார்த்தெழுதி, மணி அடிக்கும்போது மூன்றாம் தாளில் நிற்பார்கள். நீங்களோ முதல் பத்து நிமிடம் பேனையைத் தொடவே விடமாட்டீர்கள். பென்சில் மட்டும். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் ஒரே கேள்வி: 'இவர் அங்கே நின்றவரா?' நின்றவர்களின் தாள் ஒரு அடுக்கு, கேட்டுச் சொன்னவர்களின் தாள் மற்ற அடுக்கு. இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முட்டுகின்றன என்று ஒரு வரி. அந்த வரிதான் கட்டுரையின் தலை. "அடுக்கினால் பாதி எழுதின மாதிரி" என்பீர்கள். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் உங்கள் பிள்ளைகள் பேனையை மூடிவிடுவார்கள்.

ஒருநாள் பயிற்சிக்கு என்னையே ஒரு தாளாக்கினீர்கள். துறைமுக வாயில் நான் கண்ட திமிங்கிலத்தைச் சொன்னேன். கோணேசர் மலை நீளம், முதுகில் கொக்குகள். முன்வாங்கில் இருந்த உங்கள் மகள்தான் எழும்பினாள்.

"மாமா, அந்த நேரம் நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"

"நானோ? அதின்ர முதுகிலதான், பிள்ளை!"

வகுப்பே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. "கதை நல்லாத்தான் இருக்கு அண்ணை. ஆனா எந்த அடுக்கிலயும் வைக்க ஏலாது" என்றீர்கள்.

போன வருடம் அந்தப் புதன்கிழமை பிற்பகல் என் கொப்பி அறைக் கதிரையில் தாள்கட்டின் மேல் தலை சாய்த்தபடி இருந்தீர்கள். கையில் பென்சில். நெஞ்சு நின்றுவிட்டது என்றார் வைத்தியர். செத்த வீட்டில் உங்கள் மகள் என் கையைப் பிடித்து, "அம்மா கடைசியா என்ன சொன்னவ?" என்று கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாய் தானாகத் திறந்தது. "பயப்பிட வேண்டாம் எண்டு மகளிட்டச் சொல்லுங்கோ எண்டவ, பிள்ளை." அடுத்த கிழமை அந்தக் கதையில் நீங்கள் கடலைப் பார்த்ததைச் சேர்த்தேன், அதற்கடுத்த கிழமை ஒரு புன்சிரிப்பை.

நேற்று அவள் வந்தாள். சொந்த வாழ்க்கையில் ஒரு நாளை எடுத்துச் சான்றுகளை வைத்து எழுதும்படி புது டீச்சர் சொல்லியிருக்கிறார். உங்கள் கடைசி நாளை எடுத்திருக்கிறாள். வைத்தியர் எழுதிய துண்டு, வரவுப் பதிவு, மரண அறிவித்தல். நாலாம் தாள், இறங்குதுறைத் தேத்தண்ணிக் கடைக்காரர் சொன்னது. ஐந்தாம் தாள், நான் சொன்னது.

"ஆறாவது இன்னும் கிடைக்கேல்ல மாமா. கொப்பி எடுத்துப் போட்டுத்தான் பென்சில் பிடிக்கப் போறன்."

நாலாம் தாளை வாசித்தேன். 'அந்த நேரம் கொப்பிக்கார அண்ணை இஞ்ச நிண்டவர். திமிங்கிலக் கதை. பள்ளி மணி அடிக்கும் வரைக்கும்.'

வெளியே கடல் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. காகம்கூடக் கத்தவில்லை. ஐந்தாம் தாளைக் கண்ணாடியில் வைத்து அமுக்கினேன். பிரதி சூடாக வந்தது. ஓரத்தில், சாய்ந்த எழுத்தில், பென்சில் சாம்பல் நிறத்தில்: இவர் அங்கே நின்றவரா?

மூலத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஓரம் வெறுமை. கண்ணாடியை மூன்று தரம் துடைத்தேன். மறுபடி அமுக்கினேன். மறுபடி அதே கேள்வி. 'நி' எழுதும்போது நீங்கள் போடும் அந்த நீண்ட வால்கூட அப்படியே. டீச்சர், நான் ஊதிப் பெருப்பிக்கிறவன்தான். இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

"என்ன மாமா, மெஷின் பழுதோ?"

பிரதிகளைச் சேட்டுப் பையில் திணித்தேன். "பழுதில்லைப் பிள்ளை. அம்மாவின்ர அந்தக் கடைசிச் சொல் உனக்கு அவ்வளவு முக்கியமோ?"

"அதை நினைச்சுத்தான் நான் திரும்பிப் பள்ளிக்கு வந்தனான்."

இதைக் கேட்ட பிறகு உண்மையை எப்படிச் சொல்வது? பேசாமல் இருந்தாலும் பத்து நிமிடத்தில் அவளே நாலையும் ஐந்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிடுவாள். நீங்கள் பழக்கிய பிள்ளை. வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, வாழ்க்கையில் முதல்தரமாகச் சுருக்கமாக எழுதினேன்.

'நான் அங்கே நிற்கவில்லை. தேத்தண்ணிக் கடையில் நின்றேன். நான் வரும்போது டீச்சரின் உயிர் போய்விட்டது. அவர் சொன்னதாகச் சொன்னது நான் கட்டியது.'

இரண்டு தரம் வாசித்தாள்.

"அப்ப அம்மா தனியவோ போனவ?"

"ஓம் பிள்ளை. நான் நிண்டிருக்க வேணும்."

அழுதாள். நெடுநேரம் என்னைப் பார்க்கவில்லை. பிறகு பென்சிலை எடுத்து நாலாம் தாளை, நின்றவர்களின் அடுக்காக, ஒரு பக்கம் வைத்தாள். என் புதுத் தாளை அதன் மேல் வைத்தாள். ஐந்தாம் தாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்திருந்தாள்.

"இதையும் கொப்பி எடுங்கோ மாமா" என்றாள், புதுத் தாளைக் காட்டி.

எடுத்தேன். சூடாக வந்தது. ஓரத்தில் ஒன்றும் இல்லை. வெள்ளை.

ஏதாவது எழுதுவீர்கள் என்று எதிர்பார்த்தேன், டீச்சர். ஏச்சென்றாலும் பரவாயில்லை. அவள் போன பிறகும் இன்னும் இரண்டு எடுத்துப் பார்த்தேன். அந்த வெற்று ஓரத் தாள் ஒன்றை மடித்து, கேள்வி விழுந்த பிரதிகளோடு சேட்டுப் பையில் வைத்திருக்கிறேன். ஒரு நாளாகிவிட்டது. அதன் சூடு இன்னும் ஆறவில்லை.