நீ வரும்வரை இனிப்பில்லை

ஜூன் 3

என் அன்புள்ள அதிகாரிக்கு,

நான் நலம். நீ கோபமாக இருக்கும்போது நலமாகத்தான் இருப்பாய் என்பது முப்பத்தொரு வருடத்தில் எனக்குத் தெரிந்த விஷயம், அதனால் அதைக் கேட்கவில்லை. மகள், மாப்பிள்ளை, பேத்தி எப்படி இருக்கிறார்கள் என்று மட்டும் எழுது.

"போன்ல பேசினா குழைஞ்சு குழைஞ்சு பேசி சமாளிச்சிடுவீங்க. கடுதாசி எழுதுங்க. பொய் எழுதினா உங்க கையெழுத்தே கோணிக்கும், எனக்குத் தெரியும்" என்று வாசலில் பெட்டியோடு நின்று உத்தரவு போட்டாயே, இதோ எழுதுகிறேன். எழுத்து நேராக இருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்த்துக்கொள்.

சாப்பாட்டுக் கணக்கையும் சொல்கிறேன். காலையில் ஓட்ஸ் கஞ்சி, உப்பு போட்டு. பதினொரு மணிக்கு ஒரு வெள்ளரிக்காய். மதியம் அரை வயிற்றுக்குச் சாப்பாடு, தட்டில் பாதி கீரை. ராத்திரி இரண்டு ரொட்டி, ஒரு முட்டை. கீரையை நானே நறுக்குகிறேன். நீ பார்த்தால் இது கீரையா, மாட்டுத் தீவனமா என்று கேட்பாய்.

பேக்கரியில் வேலை அப்படியேதான் போகிறது. அதிகாலையில் பன் இறக்கிவிட்டு, கேக்கெல்லாம் ஆறியதும் ஐசிங் சர்க்கரை சலிக்க உட்கார்ந்தால் எழுந்திருக்க ஏழு மணி. அப்படியே கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு, கிரீம் மேசைக்கு மேலே வைத்திருக்கும் சர்க்கரை பார்க்கிற மெஷினை எடுத்து விரலைக் குத்திப் பார்க்கிறேன். வீட்டில் வைத்தால் மறந்துவிடுவேன் என்று நீதானே அங்கே வைக்கச் சொன்னாய். இன்று 318. நான் ஒளிக்கவில்லை, பார்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் இனிப்பு எதையும் தொட்டு வாயில் வைக்கவில்லை.

உன்
மாஸ்டர்


ஜூன் 14

உங்களுக்கு,

கடிதம் வந்தது. பேத்திக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது, உங்களைப் போலவே காற்றாகப் பேசுகிறாள். மற்றவர்கள் நலம்.

கையெழுத்து நேராகத்தான் இருக்கிறது. ஆனால் 318 என்கிற எண்ணும் நேராகத்தானே நிற்கிறது? ஓட்ஸும் கீரையும் தின்கிற ஆளுக்கு 318 எங்கிருந்து வரும்? மெஷினுக்கு உங்கள்மேல் என்ன விரோதம்?

சர்க்கரை வந்த முதல் வருடம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை நான் மறக்கவில்லை. கேக்கின் ஓரத்தை வெட்டி வெட்டி, ருசி பார்க்கிறேன் என்று ஒரு நாளைக்குக் கால் கேக் தின்றீர்கள். மீசையில் கிரீம் ஒட்டிக்கொண்டு வந்து நின்று, "நான் தொடவே இல்லை"ன்னு சொன்னீங்க. அன்றைக்கு அழுதேன். அதற்குப் பிறகு நானும் சர்க்கரையை விட்டேன். நான்கு வருடமாகச் சர்க்கரை இல்லாத டீ குடிக்கிறேன். எனக்கு எந்த வியாதியும் கிடையாது, உங்களுக்குத் துணையாகத்தான். மெஷின் காட்டுவதை நீங்கள் எழுதி வைக்கிற நோட்டில் 340 என்று பார்த்த அன்று என் டீயை நினைத்துத்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

மெஷின் நூற்றைம்பதுக்குக் கீழே காட்டட்டும். அன்றைக்கே டிக்கெட் போடுகிறேன். அதுவரை என்னைக் கூப்பிடாதீர்கள்.

குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் எலுமிச்சை ஊறுகாய் வைத்திருக்கிறேன். உப்பு கூடுதல், பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு
பேத்தியின் பாட்டி


ஜூன் 25

என் அன்புள்ள அதிகாரிக்கு,

நூற்றைம்பது! பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி அந்த எண்ணைச் சீட்டில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டிவிட்டேன். கல்லாவில் உட்காரும் அம்மா, "என்ன மாஸ்டர், ஓவன் சூட்டளவா?"ன்னு கேட்டாங்க. "இல்லம்மா, என் பொண்டாட்டி திரும்பி வர்ற அளவு"ன்னு சொன்னேன். சிரித்துவிட்டு, பிறகு ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நீ சொன்ன முதல் வருடக் கதை உண்மை. அன்று பொய் சொன்னேன், அதற்காக நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் இப்போது சொல்வது பொய் இல்லை. ஒரு தடவை பொய் சொன்னவன் பிறகு உண்மை சொல்லவே கூடாதா?

மதியச் சாப்பாட்டை இன்னும் பாதி குறைத்தேன். ராத்திரி ரொட்டியும் ஒன்றுதான். அப்படியும் நேற்று 296, இன்று 331. டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஊசி மருந்தைப் பத்து யூனிட்டிலிருந்து பதினாறுக்கு ஏற்றினார். "மாஸ்டர், நோட்டை மட்டும் வெச்சு நான் எவ்வளவு நாள் பார்க்கிறது? மூணு மாச சராசரி டெஸ்ட் எடுத்துட்டு வாங்க"ன்னு கண்டிச்சார். எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தக் காகிதத்திலும் இதே மாதிரி வந்துவிட்டால் உன்னிடம் சொல்ல எனக்கு வாய் இருக்காது.

இன்னொன்று. சாயங்காலம் நாலு மணி வாக்கில் கை கால் நடுங்குகிறது, சட்டை நனைகிற அளவு வியர்க்கிறது, கண் இருட்டிக்கொண்டு வருகிறது. கல்லா அம்மா சர்க்கரை போட்டு ஒரு டீ தந்தார்கள். குடித்ததும் சரியாகிவிட்டது. ஒளிக்கக் கூடாது என்பதால் இதையும் எழுதிவிட்டேன்.

வீடு உன் சத்தம் இல்லாமல் வெறிச்சென்று கிடக்கிறது. உன் தையல் மெஷினைத் துடைத்து மூடி வைத்தேன்.

உன்
மாஸ்டர்


ஜூலை 7

உங்களுக்கு,

பாருங்கள், கடைசியில் உங்கள் கையாலேயே எழுதிவிட்டீர்கள். சர்க்கரை போட்ட டீ! சர்க்கரை 331 இருக்கிற மனிதன் அதற்கு மேலே சர்க்கரையைக் கொட்டிக் குடிக்கிறான், அதைப் பெருமையாக வேறு எனக்கு எழுதுகிறான்.

நடுக்கமாம், வியர்வையாம். மகள் சொல்கிறாள், சர்க்கரை ஏறினாலும் தலை சுற்றும் என்று. அது ஏறித்தான் நடுங்குகிறது. இனிப்பு தின்ன ஒரு சாக்கு கிடைத்ததா உங்களுக்கு? நடுக்கம் வந்தால் மெஷினில் பாருங்கள். எண் ஏறியிருந்தால் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள். யார் என்ன தந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நம் பக்கத்து வீட்டுத் தையல்காரி அக்காவை நினைவிருக்கிறதா? அவள் வீட்டுக்காரருக்குக் கால் விரலில் சின்னப் புண்தான். பிறகு முழங்கால் வரை எடுத்தார்கள். நீங்கள் இருட்டோடு எழுந்து செருப்பு போடாமல் அந்தச் சூட்டுத் தரையில் நடப்பதை நினைத்தால் எனக்கு இங்கே சாப்பாடு இறங்கவில்லை. நான் கோபக்காரிதான். கோபம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளாவது யோசித்திருக்கிறீர்களா? நீங்கள் இல்லாமல் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன்?

இங்கே
நான்


ஜூலை 18

என் அன்புள்ள அதிகாரிக்கு,

உன் கடைசி வரியை நான்கு தடவை படித்தேன். சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

நீ சொன்னபடியே செய்கிறேன். நேற்று நடுக்கம் வந்தது. தட்டுத்தடுமாறி மெஷினை எடுத்துப் பார்த்தேன், 274. நீ சொன்னதுதான் சரி, ஏறித்தான் நடுங்குகிறது. கல்லா அம்மா டீயை நீட்டி, "மாஸ்டர், முகம் வெளிறிப்போச்சு, ஒரு வாய் குடிங்க"ன்னு கெஞ்சினாங்க. குடிக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மாவு மூட்டைமேல் சாய்ந்து கிடந்தேன்.

இப்போது சொல்கிறேன் கேள். நீ வந்து உன் கையால் தரும்வரை ஒரு துளி இனிப்பு என் நாக்கில் படாது. இது உன்மேல் ஆணை. பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். இந்த ஒரு வாக்கையாவது காப்பாற்றினேன் என்று நீ சொல்ல வேண்டும்.

ஊசி இப்போது இருபத்திரண்டு யூனிட். எழுத்து கோணலாக இருந்தால் தப்பாக நினைக்காதே, கை நடுங்கிக்கொண்டேதான் எழுதுகிறேன். கேக்கில் பெயர் எழுதும்போதும் நடுங்குகிறது. நேற்று ஒரு கல்யாண கேக்கில் மாப்பிள்ளை பெயர் பாதியில் வழுக்கி ஓடிவிட்டது. அவன் கல்யாணத்துக்கு முன்னாலேயே ஓடிவிட்டான் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்த கடிதத்தோடு ஒரு காகிதம் வைத்து அனுப்புகிறேன். என்ன காகிதம் என்று இப்போது சொல்லமாட்டேன். பயம் ஒருபக்கம், நம்பிக்கை ஒருபக்கம். நன்றாக வந்தால் நீ பெட்டி கட்டுவாய்.

உன்
மாஸ்டர்


ஜூலை 27

உங்களுக்கு,

கையெழுத்து கோணிவிட்டது. ஒரு வரி மேலே போகிறது, ஒரு வரி கீழே இறங்குகிறது. நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கே நினைவிருக்கும். அதனால்தான் முந்திக்கொண்டு, கை நடுங்குகிறது என்று ஒரு காரணமும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள்.

ஆணை எல்லாம் போட வேண்டாம். காகிதமும் வேண்டாம். எனக்குச் சலித்துவிட்டது. கொஞ்ச நாள் எழுதாதீர்கள்.


ஆகஸ்ட் 9

என் அன்புள்ள மாஸ்டருக்கு,

உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். "பேசுங்கம்மா, காதுல விழும்"னு நர்ஸ் சொல்றாங்க. வாயைத் திறந்தால் அழுகைதான் வருகிறது. அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்து இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவேன்.

போன வாரம் பேத்திக்குப் பிறந்தநாள். கேக்குக்கு மேலே ஐசிங் சர்க்கரையை நான்தான் சலித்துப் போட்டேன், உங்களைப் பார்த்துக் கற்றதுதானே. மாப்பிள்ளை புதிதாக ஒரு மெஷின் வாங்கி வந்து, விளையாட்டாக எல்லாருடைய விரலையும் குத்திப் பார்த்தார். எனக்கு 298. மகள் அலறிவிட்டாள். மாப்பிள்ளை என் கையைப் பார்த்துவிட்டு, "அத்தை, விரல்லாம் சக்கரைப் பவுடர். சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க"ன்னாரு. கழுவிவிட்டு வந்து பார்த்தால் 97.

குழாயைத் திறந்துவிட்டபடி அங்கேயே நின்றேன். உங்கள் கிரீம் மேசை என் கண்ணுக்கு முன்னால் வந்தது. மேசைக்கு மேலே மெஷின். ஏப்ரனில் துடைத்த கை. அந்த மெஷினை அங்கே வைக்கச் சொன்னவள் நான். அத்தனை நாளும் அது சொன்னது உங்கள் விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையை. உடம்புக்குள்ளே சர்க்கரை வற்றிப்போய்க்கொண்டிருந்தது. ஊசி ஏற ஏற, சாப்பாடு குறையக் குறைய, நடுங்கிக்கொண்டே எனக்கு எழுதினீர்கள். கோணிய வரியைப் பார்த்து நான் பொய் என்றேன்.

உடனே பேக்கரிக்குப் போன் போட்டேன். கல்லா அம்மா எடுத்தார்கள். "அக்கா, உங்க நம்பர் தெரியாம தவிச்சுக்கிட்டிருக்கேன். மாஸ்டர் நேத்து மாவு ரூம்ல விழுந்துட்டாரு. சக்கரை போட்ட டீ பக்கத்துல வெச்சிட்டுத்தான் நான் கல்லாவுக்குப் போனேன். ஒரு மணி நேரம் கழிச்சு வந்து பார்த்தா டீ ஆறிப்போய் அப்படியே இருக்கு. அவர் கிடக்கறார்" என்றார்கள். உங்கள் சட்டைப் பையில் என் கடிதம் இருந்ததாம். நான் வந்து சேர்ந்ததும் அதை என்னிடம் தந்தார்கள். கடைசிக் கடிதம் அது இல்லை. யாரோடு சண்டை போடுவேன் என்று எழுதிய கடிதம்.

நேற்று பரிசோதனை நிலையத்திலிருந்து உங்கள் காகிதத்தை வாங்கி வந்தேன். அவருக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார்கள், மனைவி என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. மூன்று மாதச் சராசரியில் ஒரு குறையும் இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு, இவ்வளவு கட்டுப்பாடாக இருப்பவர்கள் அபூர்வம் என்றார். நீங்கள் பரீட்சையில் ஜெயித்துவிட்டீர்கள். பெட்டி கட்டிக்கொண்டு நானும் வந்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள் என்று எழுத எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடுங்கள்.

ரொம்ப நேரம் சர்க்கரை இறங்கிக் கிடந்ததால் மூளை அடிபட்டிருக்கிறது, எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்கிறார்கள். கண்ணைத் திறக்கிறீர்கள். என்னைப் பார்க்கிறீர்களா, சுவரைப் பார்க்கிறீர்களா என்று தெரியவில்லை. தண்ணீர் தந்தால் குடிக்கிறீர்கள். உப்புக் கஞ்சி தந்தால் விழுங்குகிறீர்கள். "இனிப்பா எதைக் கொண்டு போனாலும் பல்லைக் கடிச்சுக்கிறாருமா. சக்கரைத் தண்ணி, ஜூஸ் எதுவும் உள்ள போகல. ஏன்னே புரியல"ன்னு நர்ஸ் சொன்னாங்க. அவர்களுக்குப் புரியாது. எனக்குப் புரிந்தது. வெளியே போய் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

இப்போது கையைச் சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு டம்ளரில் சர்க்கரைத் தண்ணீர் இருக்கிறது, கரண்டி இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் தருவேன்.

நீங்கள் வாக்கைக் காப்பாற்றிவிட்டீர்கள். நான் வந்துவிட்டேன், என் கையால்தான் தருகிறேன். வாயைத் திறங்கள்.

உங்கள்
அதிகாரி