லெம்பி வாய்விட்டுப் படிக்கட்டும்

நவம்பர், ஞாயிறு மதியம்

அன்புள்ள ஓஸ்மோவுக்கு,

லூசியன் எழுதுகிறேன். டொராண்டோ ஆஸ்பத்திரியில் இருப்பவனிடம் நலமா என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். எனக்கு மட்டும் வாய் வரவில்லை. இங்கே ஒடெட்டும் நானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம்.

முதலில் உன் வீட்டுச் செய்தி. போன வாரம் விழுந்த பனியைக் கூரையிலிருந்து தள்ளிவிட்டேன். சமையலறைக் குழாய் உறையாமல் இருக்கக் கொஞ்சம் திறந்தே வைத்திருக்கிறேன். அடுப்பை ஒருநாள் விட்டு ஒருநாள் மூட்டிவிட்டு வருகிறேன். உன் நாய் முஸ்டி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூட பஸ் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டால் வாசல் கதவிடம் போய் உட்கார்ந்துகொள்கிறது. பஸ் போனபிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கிறது.

நீ ஓட்டிய பஸ்ஸை இப்போது கொச்ரேனிலிருந்து வரும் ஒரு அம்மா ஓட்டுகிறார். பிரேக்கை ஓங்கி மிதிக்கிறார் என்று பிள்ளைகளுக்குக் குறை. செவ்வாய்க்கிழமை தபால் நிலையத்தின் முன்னால் இரண்டு குழந்தைகள் என்னை மறித்து, "ஓஸ்மோ எப்ப திரும்பி வருவாரு?" என்று கேட்டார்கள். நான் கேட்காதது போல எதிர்ப்பக்கம் போய்விட்டேன். ஐந்து வயசுப் பிள்ளைக்குப் பயந்து தெருவைக் கடந்த ஆள் இந்த ஊரில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

கண் ஆபரேஷன் ஆறும்வரை நீ குப்புறவே படுத்திருக்க வேண்டும், எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாக ஒடெட் சொன்னாள். அப்படியானால் இதை உன் லெம்பிதான் உனக்குப் படித்துக் காட்டப் போகிறார். அதை நினைத்தே இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். பிறகு யோசித்தேன். அவர் வாயாலேயே இது வெளியே வரட்டும். ஓஸ்மோ, உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். குறுக்கே பேசாதே. "அதெல்லாம் அப்படி இல்ல, அவன் உளர்றான்" என்று ஆரம்பிக்காதே. அவரைக் கடைசிவரை படிக்கவிடு.

வியாழக்கிழமை லெம்பி ஒடெட்டுக்குப் போன் பண்ணினார். இடது கண்ணில் இனி வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டாராம். ஒற்றைக் கண்ணோடு பள்ளிக்கூட பஸ் ஓட்ட லைசென்ஸ் தரமாட்டார்கள் என்பதும் தெரிந்துபோயிற்றாம். அதற்குப்பிறகு லெம்பி சொன்னதை ஒடெட் இரவுச் சாப்பாட்டில் எனக்கு அப்படியே சொன்னாள்: "எனக்குக் கோபமெல்லாம் இந்த மனுஷன் மேலதான் ஒடெட். கடையில என் சைஸுக்கு ஹெல்மெட்டுல மாட்டற முகக் கூண்டு இல்ல, அதனால அரைக் கண்ணாடி வாங்கிட்டேன்னு சொல்றாரு. இல்லாட்டி வாங்காம வரவேண்டியதுதானே? பக்கத்துலதான் உக்காந்திருக்கேன், பேசப் பிடிக்கல. உன் வீட்டுக்காரர் மட்டும் கூட இல்லாட்டி அந்த ஐஸ் மேலயே கிடந்திருப்பாரு. லூசியனுக்கு நான் நன்றி சொன்னேன்னு சொல்லு."

பட்டாணி சூப் பாதியில் இருந்தது. கரண்டியை வைத்துவிட்டேன்.

லெம்பி, அந்த நன்றியை நான் வைத்துக்கொள்ள முடியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

டிம்மின்ஸில் இருக்கும் விளையாட்டுச் சாமான் கடைக்கு நாங்கள் போன சனிக்கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். ஓஸ்மோவின் பழைய ஹெல்மெட்டில் விரிசல் விட்டிருந்தது. எனக்குப் புது ஐஸ் ஹாக்கி மட்டை வேண்டும். ஓஸ்மோ சாமான் வாங்கும் அழகு உங்களுக்குத் தெரியாததல்ல. ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு எழுந்து நின்று, முழங்காலை மடக்கி, விரல் நுனி முன்னால் இடிக்கிறதா, குதிகால் உள்ளே தூக்குகிறதா என்று பார்த்தான். அவனுக்கு ஸ்கேட் வாங்கும் உத்தேசமே இல்லை. சும்மா பார்த்தான். ஹெல்மெட்டை ஒவ்வொன்றாகப் போட்டு, மாட்டேன் மாட்டேன் என்பது போலத் தலையை ஆட்டினான். தலையோடு சேர்ந்து ஹெல்மெட் ஆட வேண்டும், அது மட்டும் தனியாக ஆடினால் வேண்டாம் என்று எனக்கு விளக்கினான். நான் அதற்குள் மட்டையை எடுத்துவிட்டேன். தரையில் ஊன்றி அழுத்தினால் வில்லாக வளைந்து சட்டென்று நிமிர்ந்தது. எடையே இல்லை. என் வயசுக்கு அவ்வளவு துள்ளுகிற மட்டை தேவையே இல்லை.

ஹெல்மெட்டைத் தேர்ந்தெடுத்ததும் ஓஸ்மோ நேராகக் கம்பிக் கூண்டு வைத்திருந்த பக்கம் போனான். சுவர் முழுக்கக் கூண்டுகள் தொங்கின, லெம்பி. அவன் அளவு இருந்தது. கையில் எடுத்தும்விட்டான்.

நான்தான் ஆரம்பித்தேன். "டேய், பேரன் பேத்தி எடுக்கிற வயசுல இன்னும் ஸ்கூல் பசங்க மாதிரி கூண்டா? கோழி மாதிரி இருக்கடா." அவன் சிரித்துக்கொண்டே, "லெம்பி விடமாட்டாடா" என்றான். "ஐஸுல இறங்கி விளையாடறது நீயா, லெம்பியா?" என்றேன். கடைக்காரர் சிரித்தார். ஒருத்தர் சிரித்தால் எனக்கு வேறு என்ன வேண்டும்? அவன் கையிலிருந்த கூண்டை வாங்கித் திரும்பச் சுவரில் மாட்டிவிட்டு, கண் வரைக்கும் இறங்கும் அரைக் கண்ணாடி ஒன்றை எடுத்து, நானே அவன் ஹெல்மெட்டில் வைத்துப் பிடித்து, முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் திருப்பி நிறுத்தினேன். "பாரு, இளவட்டம்." அவன் காது இரண்டும் சிவந்துபோயின. வெகுநேரம் பார்த்தான். "கால்கிட்ட இருக்கிறதெல்லாம் நல்லா தெரியுதுடா" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது. ஆசைப்பட்டான், ஆனால் நான் தூண்டாமல் அந்த ஆசை வந்திருக்காது.

திரும்பும் வழியில் வண்டியில், "வீட்டுல என்னடா சொல்றது?" என்று கேட்டான். "உன் சைஸ் கூண்டு ஸ்டாக் இல்லன்னு சொல்லு" என்றேன். உங்களிடம் அவன் சொன்ன பொய் என்னுடையது. இன்றுவரை அதை மாற்றாமல் சொல்லிக்கொண்டிருக்கிறான், உங்கள் பேச்சை இழந்து படுத்துக்கொண்டு.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். இதை எழுதத்தான் கை வரவில்லை. ஒடெட் என்னைக் கூண்டு போடச் சொல்லி நச்சரிப்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு சண்டையிலும் அவள் எடுத்து நீட்டுவது ஓஸ்மோவைத்தான். "ஓஸ்மோவைப் பாரு, பொண்டாட்டி சொன்னதைக் கேட்டு கூண்டு போடறான். உனக்கு என்ன கேடு?" அவன் கூண்டைக் கழற்றிவிட்டால் ஒடெட்டுக்கு உதாரணம் சொல்ல ஆள் இல்லாமல் போகும் என்று கணக்குப் போட்டேன். இவ்வளவு அற்பமான காரணம்தான். இதைவிடப் பெரிதாக ஏதாவது இருக்குமா என்று எனக்குள் தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை.

மறுநாள் காலை புதுச் சாமான்களைப் போட்டுப் பார்க்க ஐஸ் அரங்கத்துக்குப் போனோம். எங்கள் இருவரையும், உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்த, ஐஸ் தளத்தை மழிக்கும் வண்டிக்காரரையும் தவிர யாரும் இல்லை. ஓஸ்மோ தன் வழக்கப்படி எல்லாவற்றையும் சோதித்தான். வேண்டுமென்றே முழங்காலில் விழுந்து எழுந்தான். முழங்கைக் காப்பு நழுவுகிறதா என்று கையை உதறினான். பின்பக்கமாகப் போனான், இரண்டு பக்கமும் திரும்பி நின்று பார்த்தான். "டேய் லூசியன், எல்லாம் பளிச்சுன்னு தெரியுதுடா!" என்று தளத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்தினான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்து நாளாகியிருந்தது.

அவனைக் கோலுக்குப் பக்கத்தில் நின்று, நான் தள்ளும் ரப்பர் வட்டை, அந்தப் பக்கை, திசை திருப்பிவிடச் சொன்னேன். கொஞ்ச நேரம் தரையோடு தரையாகத் தள்ளினேன். எனக்கு அது போதவில்லை. மட்டையின் துள்ளலைப் பார்க்க வேண்டும். எங்கள் ஆட்டத்தில் மட்டையை ஓங்கி அடிக்கக் கூடாது என்பது சட்டம். ஓஸ்மோவே சொன்னான்: "ஓங்காதடா." நான், "ஒண்ணே ஒண்ணுடா, சும்மா நில்லு" என்றேன்.

ஓஸ்மோ, இனி எழுதுவது உனக்குத் தெரியும். நீ யாரிடமும் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அடி சரியாக விழுந்தது. வாழ்நாளில் நான் அப்படி அடித்ததில்லை. பக் எங்கே போகிறது என்று பார்க்கும் முன்பே, "அடிச்சேன் பாருடா!" என்று கத்தினேன். அந்தச் சத்தம் காலி இருக்கைகளில் மோதித் திரும்பி வந்தபோது, அரைக் கண்ணாடிக்கு அடியில் புகுந்த பக் இடது கண்ணில் பட்டு நீ கீழே கிடந்தாய். நீ வலியில் விழுந்த நேரத்தில் உன் காதில் விழுந்தது என் கொண்டாட்டம். தூங்கி எழுந்தால் முதலில் எனக்குக் கேட்பதும் அந்தக் குரல்தான். என் குரல் அவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஆம்புலன்ஸில் நான் அழுதுகொண்டு வந்தேன். முகம் முழுக்கத் துணியோடு படுத்திருந்த நீ, "அழாதடா. மட்டை நல்லா இருக்கா, சொல்லு" என்று கேட்டாய். என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தாய். நீ அப்போது என்னைத் திட்டியிருக்கலாம்.

இன்னும் இருக்கிறது. அடுத்த ஆட்டத்துக்கு உடை மாற்றும் அறைக்குப் போனேன். கேப்டன் டெல்பர்ட், "இத்தனை வருஷம் போட்டுட்டு இருந்த கூண்டை யாராவது கழட்டுவானா? அவனா தேடிக்கிட்டான்" என்றான். எல்லோரும் ஆமாம் என்றார்கள். நான் குனிந்து, ஏற்கெனவே கட்டிய ஸ்கேட் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன். பிறகு எல்லோரோடும் போய் விளையாடினேன். ஆமாம், விளையாடினேன். அடுத்த வாரமும் அதே பேச்சு வந்தது, அதே போலக் குனிந்துகொண்டேன். தோளைத் தட்டி, "பாவம், நீதான் கூட இருந்த, உனக்கு எப்படி இருந்திருக்கும்" என்று ஒருவர் சொன்னபோது தலையைக்கூட ஆட்டினேன்.

லெம்பியின் நன்றி வந்த அன்றுதான் ஒடெட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நான் நச்சரிச்சதை நிறுத்தறதுக்காகவா அவன் கண்ணு போச்சு?" என்று கேட்டாள். எழுந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். முஸ்டி என்னிடமிருந்து எழுந்து அவளிடம் போய்விட்டது. ஒன்றும் அறியாதவளுக்கும் இந்தப் பாரத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு உடை மாற்றாமல் போனேன். அறை நடுவில் நின்று எல்லோரிடமும் சொன்னேன்: கூண்டு, கடை, பொய், ஓங்கிய மட்டை, கத்தியது. டெல்பர்ட் கடைசியில், "இதை ஏன்டா எங்ககிட்ட சொல்ற? அங்க போய்ச் சொல்லு" என்றான். கோபத்தில்தான் சொன்னான். ஆனால் சரியாகச் சொன்னான். அதனால்தான் இந்தக் கடிதம்.

லெம்பி, இந்தப் பத்தியை மட்டும் மனசுக்குள் படியுங்கள். குப்புறப் படுத்திருப்பவனுக்கு உங்கள் முகம் தெரியாது, குரல் ஒன்றுதான் கேட்கும். அதையும் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். என்னைக் காப்பாற்றுவதற்காக உங்களிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன்மேல் வைத்திருக்கும் கோபம் முழுவதும் என்மேல் இருக்க வேண்டியது. அவனிடம் பேசுங்கள். அவனுக்குப் பிடித்த ஏலக்காய் ரொட்டி அங்கே எங்காவது கிடைக்கிறதா என்று கேட்பது போலவாவது பேச ஆரம்பியுங்கள். மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தத் தொல்லையும் உங்களுக்கு வேண்டாம்.

இனி வாய்விட்டுப் படிக்கலாம். ஓஸ்மோ, பஸ் பற்றி நான் என்ன சொன்னாலும் அது பொய்யாகத்தான் இருக்கும். பள்ளி நிர்வாகத்திடம் போய்ப் பேசினேன். பஸ் ஷெட்டில் வேறு வேலை இருக்கலாம் என்றார்கள். அது பஸ் ஓட்டுவது ஆகாது என்று எனக்குத் தெரியும். நீ பிள்ளைகளைப் பேர் சொல்லி ஏற்றுவதும், பனியில் பஸ்ஸை அலுங்காமல் நிறுத்துவதும் போனது போனதுதான். அதை ஈடுகட்ட என்னிடம் எதுவும் இல்லை. அதைச் சொல்லாமல் ஆறுதல் சொல்ல மாட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை உன்னை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று ஒடெட் சொன்னாள். நான் முந்தைய நாளே கிளம்பி டொராண்டோ வந்துவிடுவேன். வண்டிப் பின் இருக்கையில் நீ சாய்ந்து வர மெத்தை போட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் கீழே நிற்பேன், மேலே வரமாட்டேன். நீங்கள் வேறு வண்டியில் போக நினைத்தால் என்னைப் பார்க்காதது போலப் போய்விடுங்கள். நான் பின்னாலேயே தூரத்தில் வந்து வீட்டு அடுப்பை மூட்டிவிட்டுப் போய்விடுகிறேன்.

உன் வலது கண்ணுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். லெம்பிக்கு நல்ல தூக்கம் வரட்டும்.

லெம்பி, முடிந்தால் என்னை மேலே வரச் சொல்லுங்கள். திட்டுவதற்காகவாவது வரச் சொல்லுங்கள்.

தலை நிமிர முடியாத
லூசியன்