பிளக்கைப் பிடுங்கினவ எழுதறது

வாயாடிக்கு,

சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். கோவத்தை அதுகிட்ட காட்டாதே. நாலு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார், வீட்டுல இரு.

நேத்து உன் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்துக்கு நடுவுல நான் பிளக்கைப் பிடுங்கினதுலதான் டீம் தோத்துடுச்சுன்னு அழுதியாம், அப்பா சொன்னார். இன்னைக்கு நீ டியூஷன் போனதும் உன் டீம்கிட்ட மன்னிப்புக் கேக்கலாம்னு ஆட்டத்தைப் போட்டு உக்காந்தேன். ஹெட்செட்டை மாட்டறதுக்குள்ள சண்டை ஆரம்பிச்சிடுச்சு.

எந்தப் பட்டன் சுடும்னு தெரியல. மருந்துப் பையோட நின்ன ஆளை எடுத்துக்கிட்டேன். இருபது வருஷமா எமர்ஜென்சி வார்டு நர்ஸ், வேற யாரை எடுப்பேன். விழுந்தவங்ககிட்டல்லாம் நேரா ஓடினேன். சுவர் பின்னால ஒளியணும்னு தோணவே இல்ல. வார்டுல நம்மள யாரு சுடறாங்க. பதினாலு தடவை செத்தேன்.

"நேத்து ஏன்டி பாதியில ஓடினே?"ன்னு ஹெட்செட்டுல ஒருத்தி கேட்டா.

"அவ ஓடல. பிளக்கைப் பிடுங்கினது நான், அவளோட அம்மா"ன்னேன்.

அப்புறம் ஆட்டம் முடியற வரைக்கும் நாலு பேரும், "அம்மா, இங்க வாங்க, விழுந்துட்டேன்"னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க.

தோத்துத்தான் போனோம். ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு நம்ம ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்காங்க. எனக்கு அரை நாள் டியூட்டிதான், அஞ்சரைக்கு வந்துடுவேன்.

அம்மா

சாவி செருப்பு ஸ்டாண்டுல.

இன்னொரு கன்ட்ரோலரைக் கடன் கேட்டிருக்கேன், பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவருவாங்க. சார்ஜ்ல போட்டு வை. நீ சுடு. விழுந்தா தூக்கிவிட நான் இருக்கேன்.