டின் ஃபேக்டரி தாண்டி வந்த ரத்தம்

ஜனவரி 6, திங்கள்

வைட்ஃபீல்டிலிருந்து வந்த சோதனைக் குழாய்கள் இன்றைக்கும் ரோஜாப்பூ நிறம். காக்ஸ் டவுன் குழாய்கள் வெளிறிக் கிடக்கின்றன. பத்தொன்பது வருடமாக ரத்தத்தோடு குடும்பம் நடத்துகிறேன், இப்படி ஒரு வித்தியாசத்தைப் பார்த்ததே இல்லை.

நாம் மூச்சில் இழுக்கும் அதே ஆக்ஸிஜன் உடம்பின் கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது. அதற்குப் பெயர் ஆக்ஸிடேடிவ் ஸ்ட்ரெஸ். அரிப்பு கூடக்கூட எங்கள் சோதனையில் ரோஸ் நிறம் கூடும். சர்க்கரை, இதயநோய் எல்லாம் உள்ளே நுழைய இதுவும் ஒரு வாசல். இந்தப் பக்கம் எங்கள் காக்ஸ் டவுன் சர்ச் ஜனங்கள், அந்தப் பக்கம் வைட்ஃபீல்ட் ஐ.டி. ஆபீஸ்காரர்கள். வரைபடத்தில் இரண்டு கம்பங்கள், ஐ.டி. கம்பம் இரண்டு மடங்கு உயரம்!

துறைத்தலைவர் சந்திரசேகரன் சார் சிரித்தே நான் பார்த்ததில்லை. இன்று சிரித்தார். "ஃபிப்ரவரி மாநாட்டுல இதுதான் நம்ம பேச்சு பிரிஸில்லா. புராஜெக்ட மூணு வருஷம் நீட்டிக்க இந்த ஒரு படம் போதும்." என் மாணவி, கன்னடப் பெண் ரக்ஷிதாவின் பிஎச்.டி.யும் இந்தப் படத்தில்தான் தொங்குகிறது.

வரும் வழியில் பேக்கரியில் நாலு பஃப்ஸ் வாங்கினேன். நாலையும் நானே தின்றிருப்பேன், அதற்குள் எட்வின் வந்துவிட்டான். கல்லூரியில் கூடப் படித்தவனைக் கட்டிக்கொண்டால் புருஷன் என்ற பயமும் இல்லை, பஃப்ஸும் மிஞ்சுவதில்லை.

ஜனவரி 9, வியாழன்

எட்வின் சாப்பிடும்போது சொல்கிறான்: "எங்க வைட்ஃபீல்ட் ஆபீஸ் கேம்ப்ல நானும் ரத்தம் குடுத்தேனே. என் நம்பர் முப்பத்தொண்ணு. எப்படி இருக்கேன்னு பாத்துச் சொல்லு."

யாருடைய ரத்தம் என்று எங்களுக்குத் தெரியக்கூடாது என்றுதானே நம்பர் போடுகிறோம்! திட்டினேன். பார்க்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 10, வெள்ளி

பார்த்துவிட்டேன். எல்லாரையும் விட அதிகம், முப்பத்தொன்றுதான்.

ஜனவரி 12, ஞாயிறு

பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. ஜெபம் முடிந்து எல்லாரும் உட்கார்ந்த பிறகும் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். குளோரியா அக்கா புடவையைப் பிடித்து இழுத்தாள். வாசலிலேயே அவளிடம் கொட்டிவிட்டேன். அவள் ஸ்கூல் டீச்சர், எதற்கும் அவளிடம் ஒரு தீர்ப்பு இருக்கும். "தெனம் ஒரு நெல்லிக்கா குடுடி. அந்த பஜ்ஜி சனியன நிறுத்து."

எட்வினிடம் சொன்னேன். முதலில் சிரித்தான். அப்புறம் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். நான் ஏன் பார்த்தேன்? பார்த்ததை ஏன் சொன்னேன்?

ஜனவரி 17, வெள்ளி

டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டார். இதயம், சர்க்கரை, கொழுப்பு, ஈரல். "உங்க வீட்டுக்காரர் என்னை விட நல்லா இருக்காரு மேடம்." எனக்கு உயிர் வந்தது. எட்வினுக்கு வரவில்லை.

அவனுக்கு டீம் லீடாகப் பதவி உயர்வு தருகிறார்களாம். ஒரு வாரமாக என்னிடம் மறைத்திருக்கிறான். ஸ்கூட்டரை எடுக்காமல் பார்க்கிங்கிலேயே நின்றுகொண்டு கேட்கிறான்: "வேணாம்னு சொல்லிடட்டா ப்ரிஸி? இல்ல, வேலையவே வுட்டுடட்டா? டாக்டர் டெஸ்ட்ல தெரியறதுக்கு முன்னாடியே உன் டெஸ்ட்ல தெரியும்னு நீதானே சொல்லுவ?"

ஆமாம், சொல்லியிருக்கிறேன். எல்லா மேடையிலும் சொல்லியிருக்கிறேன். ஐயோ.

ஜனவரி 18, சனி

எட்வினை ஆய்வகத்துக்கே இழுத்துப்போனேன். ரக்ஷிதா ரத்தம் எடுத்தாள், பூப்போல எடுப்பாள். எடுத்த கையோடு சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றிப் பிரித்தோம். நிறமே இல்லை. இரண்டாம் தரம் செய்தோம், அப்போதும் இல்லை. "மேம், ஸார் தண்ணி மாதிரி இருக்காரு!" என்று குதித்தாள்.

நானும் குதித்தேன். எட்வின் கேண்டீனில் இரண்டு மசால் வடையை என் கண் முன்னாலேயே சாப்பிட்டான்.

மாடிப்படி இறங்கும்போதுதான் உறைத்தது. மனுஷன் ஒருத்தன், ரத்தம் எப்படி இரண்டு? ஆறு நெல்லிக்காய் இந்த வேலையைச் செய்யாது. அன்றைய ரத்தம் பொய்யா, இன்றைய ரத்தம் பொய்யா?

ஜனவரி 20, திங்கள்

வைட்ஃபீல்டிலிருந்து குழாய்கள் இங்கே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று ரக்ஷிதாவிடம் கேட்டேன். "ஒரு மணி நேரத்துக்குள்ள மேம்." யார் சொன்னது? "நாமளே வேன் ஓட்டிப் பார்த்தோமே." என்றைக்கு?

"ஆயுத பூஜை அன்னைக்கு மேம். லீவுல ஃப்ரீயா இருக்கும்னு நீங்கதான் அன்னைக்கு வெச்சீங்க."

நான்தான் வைத்தேன். நன்றாக நினைவிருக்கிறது. வேனின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, ஊரே காலியாக இருந்த ரோட்டில் நாற்பது நிமிடத்தில் வந்து நின்றோம். இதற்கா பயந்தோம் என்று வேறு சொன்னேன். பெங்களூரில் பிறந்து வளர்ந்தவள் செய்கிற காரியமா இது?

ரத்தத்தை ஒரு மணி நேரத்துக்குள் பிரித்தாக வேண்டும். இல்லாவிட்டால் குழாய்க்குள்ளேயே அரிப்பு தொடரும். காக்ஸ் டவுன் பக்கத்திலேயே இருக்கிறது, அந்த ரத்தத்துக்குக் கவலையில்லை. வைட்ஃபீல்ட் குழாய்கள் தினமும் பதினொரு மணிக்குத்தானே வருகின்றன என்று கேட்டால், ரக்ஷிதா தலையைச் சொறிகிறாள். "ஐ.டி. ஆளுங்க லேட்டாதான் எழுந்து வந்து குடுப்பாங்கன்னு சும்னே இருந்துட்டேன் மேம்." அவளை என்ன சொல்ல, நானும் அதையேதான் நினைத்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

நானே போனேன். எட்டு மணிக்கு முகாமில் ஒரு மனிதர் விடாமல் வரிசையில் நிற்கிறார்கள், எல்லாரும் வெறும் வயிறு. அவர்களைச் சோம்பேறி என்று நினைத்ததற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். கடைசியாக என் இடது கையை நீட்டி நானும் கொடுத்தேன்.

குழாய்களை ஐஸில் வைத்த பெட்டி என் மடியில். மாரத்தஹள்ளியிலேயே இடுப்பு போய்விட்டது. டின் ஃபேக்டரி ஜங்ஷனில் வண்டி நின்றது நின்றதுதான். டிரைவர் சின்னப்பா பாட்டை மாற்றி மாற்றிப் போட்டு, வீட்டுக் கதையெல்லாம் சொல்லி முடித்தார். பிறகு நான் என் கதையைச் சொன்னேன். அதுவும் முடிந்தது. பெட்டிக்குள் ஐஸும் உருகி முடிந்தது. வந்து சேர இரண்டே முக்கால் மணி நேரம். இறங்கியதும் ஓடிப்போய் வலது கையைக் கொடுத்தேன்.

ஜனவரி 22, புதன்

இடது கை ரோஜா. வலது கை தண்ணீர்.

ஒரே பொம்பளை. ஒரே காலை. நடுவில் ரோடு மட்டும்தான்.

சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தேன். கடைசியில் வந்தது சிரிப்பின் தண்ணீர்தானா என்று தெரியவில்லை. இத்தனை மாதம் நான் அளந்தது மனுஷர்களை இல்லை, டிராஃபிக்கை.

இதையும் எழுதிவிடுகிறேன். ஒரு நிமிடம் தோன்றியது. யாருக்குத் தெரியப்போகிறது? 'ஒரு மணி நேரத்துக்குள் பிரிக்கப்பட்டது' என்று ஸ்லைடில் ஏற்கெனவே இருக்கிறது, யாரும் கேட்கப்போவதில்லை. படம் அவ்வளவு அழகு. மூன்று வருடம் கையில். ஆனால் நாளைக்குப் பேப்பரில் வரும். எத்தனை எட்வின்கள் பார்க்கிங்கில் நின்று 'வேலைய வுட்டுடட்டா' என்று கேட்பார்கள்? முடியாது. போச்சு. என் ஒரே பெரிய ரிசல்ட் போச்சு.

ஜனவரி 23, வியாழன்

சாரிடம் சொல்லிவிட்டேன்.

"எல்லாமேவா?"

"வைட்ஃபீல்ட் மொத்தமும் சார்."

"பத்திரிகைக்காரங்ககிட்ட வேற சொல்லி வெச்சிருக்கேனேம்மா." அப்புறம், "ஆயுத பூஜை அன்னைக்கா போனீங்க?" என்று மறுபடி கேட்டார். அப்போது அவர் வாய் லேசாகக் கோணியது. சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன். காபி சொன்னார். காபி வந்த பிறகு, மாநாட்டுப் பேச்சை ரத்து செய்யலாமா என்றார். வேண்டாம் சார், தலைப்பை மட்டும் மாற்றுகிறேன் என்றேன்.

அது சரி, எந்தத் தைரியத்தில் அப்படிச் சொன்னேன்?

ஃபிப்ரவரி 14, வெள்ளி

பேசிவிட்டேன். முதலில் அழகான படத்தைக் காட்டினேன், அரங்கம் 'ஆகா' என்றது. அடுத்து என் இரண்டு கைகளின் படம். அதற்கடுத்து வாழைக்கன்று கட்டிய வேன். சந்திரசேகரன் சார் முதல் வரிசையில் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

சிரிப்பு அடங்கியதும் நாலு பேர் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். அவரவர் ஊர் வேன் எத்தனை மணிக்கு வந்து சேருகிறது என்று விசாரிக்கத்தான்! ஒருத்தர் திரும்பி வந்தபோது முகம் சரியில்லை. அவரைப் பார்த்ததும் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. இப்படிச் சந்தோஷப்படக்கூடாதுதான்.

மார்ச் 3, திங்கள்

மூன்று வருடம் இல்லை, ஒரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். வைட்ஃபீல்ட் மொத்தத்தையும் மறுபடி எடுக்க வேண்டும். சென்ட்ரிஃப்யூஜைத் தூக்கிக்கொண்டு நாங்களே அங்கே போவது என்று முடிவு. ஆனால் ஏற்கெனவே ஒரு தரம் குத்து வாங்கியவர்கள், ஐயா, நாங்கள் கோட்டைவிட்டோம், இன்னொரு தரம் கையை நீட்டுங்கள் என்றால் நீட்டுவார்களா? நானாக இருந்தால் அடித்தே துரத்துவேன்.

மார்ச் 11, செவ்வாய்

நீட்டினார்கள். எட்வின் ஒவ்வொரு மேசையாகப் போய்க் கேட்டிருக்கிறான். "எங்க வீட்டம்மா தப்புப் பண்ணிட்டாங்க, திருத்திக்கிறாங்க, வாங்க" என்றானாம். முதல் ஆளாக அவனே உட்கார்ந்தான். அவர்கள் ஆபீஸ் ஜெராக்ஸ் அறையில் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற ஒரு பெண் கேட்டாள்: "இந்தத் தடவ ரத்தம் பஸ்ல போகாதுல்ல மேடம்?" கதை அதற்குள் அங்கே பரவிவிட்டது.

ஜூன் 27, வெள்ளி

கடைசிக் குழாயும் முடிந்தது. ரக்ஷிதா கணக்குப் போட்டுக் காட்டினாள். இரண்டு கம்பங்களும் ஒரே உயரம்.

"ஏனில்ல மேம். ஒண்ணுமே வித்தியாசம் இல்ல." பயந்துபோய்ச் சொன்னாள், அவள் தீசிஸ் ஆயிற்றே. இதையே எழுதுவோம், ரத்தம் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதை ஒரு தனி அத்தியாயமாகவே எழுது என்றேன். ஒன்றுமில்லை என்ற முடிவுக்காக ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்படலாமா? பட்டேன். அத்தனை பேரும் நன்றாகத்தானே இருக்கிறார்கள்!

செப்டம்பர் 12, வெள்ளி

நல்ல மழை. ரத்தத்தின் காத்திருப்பு பற்றிய கட்டுரையை ஒரு சின்னப் பத்திரிகை ஏற்றுக்கொண்டது. சந்திரசேகரன் சார் புது மாணவர்களுக்கு முதல் நாளே வேன் கதையைச் சொல்கிறார். அவரே வேனில் வந்த மாதிரி சொல்கிறார்.

டீம் லீட் எட்வின் ஏழு மணிக்கு டின் ஃபேக்டரியிலிருந்து போன் செய்தான். ஒரு மணி நேரமாக ஆபீஸ் கேப் வண்டி அசையவில்லையாம், முழங்கால் வரை தண்ணீராம்.

"ப்ரிஸி, என் ரத்தம் கெட்டுப்போயிடுமா?"

"உடம்புக்குள்ள இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆவாது. பொறுமையா வா. மீன் கொழம்பு வெச்சிருக்கேன்."