மாதாவின் விளக்கும் மைனஸ் கம்பியும்

ஒழுங்கு வைத்து எழுதாவிட்டால் நான் நடுவில் தடுமாறுவேன் என்பது உமக்குத் தெரியும். ஆகவே முதலில் வரிசை:

1. இன்று காலை பையைத் திறந்தபோது வந்த மணம்.
2. உம்முடைய மோட்டார் சைக்கிளில் நாம் பூட்டிய சாமான்கள்.
3. பற்றரி இறங்குவதற்கு மாதாவின் விளக்கே காரணம். நான் சொல்லியும் நீர் கேட்கவில்லை.
4. உம்முடைய மகனுக்கு நான் சொல்ல வேண்டியது.

மணம் கறுப்பு இன்சுலேஷன் டேப்பினுடையது. கொட்டாஞ்சேனையில் உம்முடைய வீட்டுக்குப் புறப்பட மல்டிமீற்றரைத் தேடினேன். நீர் பாதி பாவித்த உருளை பையின் அடியில், வெள்ளவத்தை வெக்கையில் இளகிக் கிடந்தது. நுனி மடித்திருந்தது. அடுத்த முறை நகத்தால் சுரண்டத் தேவையில்லை என்று நான்தான் அப்படி மடிக்கச் சொன்னேன். அதை மட்டும் கேட்டீர்.

உம்மை அடக்கம் செய்த பிறகு மோட்டார் சைக்கிள் உம்முடைய மகனிடம். நேற்று அவன் போன் எடுத்திருந்தான். "அங்கிள், இரவு நிப்பாட்டினா விடியப் பற்றரி செத்துக் கிடக்குது. கராஜ்ல மாதாட லைட்டக் கழட்டச் சொல்றாங்க. அதக் கழட்டினா பைக்கையும் வித்துப்போடு எண்டு அம்மா சொல்றா." ஒருகொடவத்தையில் கொள்கலன்கள் அடுக்கும் இடத்தில் அவனுக்கு வேலை. பஸ் ஓடத் தொடங்குமுன் அங்கே நிற்க வேண்டும். மோட்டார் சைக்கிள் போனால் வேலையும் போகும்.

புதுக்கடை நீதிமன்றத்தில் ஒரே அறையில் மொழிபெயர்ப்பாளர்களாக இருந்தவரை நம் இருவருக்கும் மின்சாரம் பற்றி ஒன்றும் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகுதான் உமக்கு அந்த ஆசை வந்தது. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பனிவிளக்கு இரண்டும், இரட்டைக் குரல் ஹோனும் வாங்கினீர். போனுக்கு சார்ஜ் ஏற்றும் சொக்கெற் என் யோசனை. அதில் வோல்ற் அளவு நீல எழுத்தில் தெரியும் என்பதற்காக. உம்முடைய வீட்டு முற்றத்தில் நீர் குறட்டோடும் நான் வயரிங் படத்தோடும் நிற்போம். நீர் கம்பியை வெட்டிய பிறகுதான் நான் அதைப் படத்தில் கண்டுபிடிப்பேன். ஹோன் அடித்தால் முன்விளக்கு மங்கியது. ஏர்த் கம்பியை பெயின்ற் மேல் பூட்டியிருந்தீர். சுரண்டிப் பூட்டியதும் சரியாயிற்று. அன்று இருவரும் பொறியியலாளர்கள் போலத் தேநீர் குடித்தோம்.

பிறகு மாதா வந்தார். ஹாண்டிலின் நடுவே கைவிரல் உயரச் சுரூபம், காலடியில் சின்ன நீல விளக்கு. அதை நேரே பற்றரியில் கொடுத்தீர். சாவியை எடுத்தாலும் எரிந்தது. சாவிக்குப் பிறகு வரும் கம்பிக்கு மாற்றும்படி சொன்னேன்.

"ஐசே, சாவி போட்டாத்தான் மாதாவுக்கு வெளிச்சமோ?"

"பற்றரி இறங்கிவிடும்."

"உங்கட கோயில்ல பூசை முடிஞ்சதும் தூண்டாமணி விளக்கை அணைக்கிறவையோ? உம்மட கையில மீற்றர் இருந்தா கடவுளையும் அளப்பீர்."

வாதாட எனக்குத் தைரியம் போதாது. சரியாக இருக்கும்போதும் பிழையோ என்று நினைப்பேன். பிறகு நாம் அதைப் பற்றிக் கதைக்கவேயில்லை.

இதுவரை புறப்படுமுன் எழுதியது. இனி வருவது திரும்பி வந்த பின்.

மோட்டார் சைக்கிள் உம்முடைய வீட்டு ஒழுங்கையில் நின்றது. மகன் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினான்; ஒரு 'டிக்' மட்டும் கேட்டது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "பாருங்க அங்கிள், அது மட்டும் நல்லா எரியுது" என்றான். எஞ்சினைச் சுழற்றப் பெரிய மின்னோட்டம் வேண்டும், சின்ன விளக்குக்கு மிச்சம் மீதியே போதும் என்று விளக்கினேன். வழக்கத்தைவிட நன்றாகவே பேசினேன். உம்முடைய மனைவி வாசலில் கைகட்டி நின்று கேட்டார்.

மீற்றரை இடையில் பொருத்துவதற்காக மைனஸ் கம்பியைக் கழற்றினேன். அது இல்லாமல் பற்றரியிலிருந்து எதுவும் எரியாது. விளக்கு எரிந்தது. திரும்ப வைத்தேன், திரும்பக் கழற்றினேன். அப்போதும் எரிந்தது.

"அற்புதமோ அங்கிள்?" என்றான் மகன்.

"அற்புதமுமில்ல, ஒண்டுமில்ல" என்றார் உம்முடைய மனைவி. "சீற்றுக்குக் கீழ பென்சில் பற்றரி இருக்கு. ஞாயிறு பூசைக்குப் போகமுன்ன நான்தான் மாத்துறனான்."

"அப்ப ஏனம்மா சொல்லல்ல?"

"ஆர் என்னட்டக் கேட்டது? எல்லாரும் கழட்டோணும் எண்டுதானே வந்தனீங்க."

சீற்றைத் தூக்கினேன். கறுப்பு டேப்பால் சுற்றிய சின்னப் பெட்டி. நுனி மடித்திருந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணன், நீங்க சொன்னீங்க எண்டுதான் அவர் அதை மாத்தினவர். உங்களுக்குச் சொல்லாத எண்டும் சொன்னவர். சொன்னா மீற்றரோட வந்து பென்சில் பற்றரியையும் அளப்பாராம்."

மீதி வேலை சுருக்கமானது. சாவி இல்லாமலே மின்சாரம் போய்க்கொண்டிருப்பதை மீற்றர் காட்டியது. பூட்டிய சாமான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். சார்ஜ் சொக்கெற்றைக் கழற்றியதும் எண் பூச்சியத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே மழைத்தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருந்தது. பக்கத்து முச்சக்கரவண்டியிலிருந்து கம்பி கொடுத்ததும் எஞ்சின் எடுத்தது. சொக்கெற் வேண்டாம், விளக்கு இருக்கட்டும் என்று மகனிடம் சொன்னேன். நாளைக்கு அவன் அதில்தான் வேலைக்குப் போகிறான்.

டேப் உருளையை அங்கே விட்டுவிட்டு வர நினைத்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகு பார்த்தால் என் சட்டைப் பையில் இருந்தது.

வரிசையில் மூன்றாவது பிழை. முதற் பாதியும் பிழை, பிற்பாதியும் பிழை.